ஜன்னலில் தெரிந்த மலை

விருதுநகர் ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சருக்கு நிற்கும்போது பேத்தியிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்தேன். வண்டி வந்ததும் வலது பக்க ஜன்னலைப் பிடி. சென்னையில் கல்லூரியில் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள்.

"வெயிலுக்காகவா தாத்தா?"

"மலைக்காக."

எத்தனையோ வருஷமாக இந்தத் தடத்தில் போய் வருகிறேன். சிவகாசியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சேவை, சீசனுக்குக் குற்றாலம். ஒவ்வொரு முறையும் வலது ஜன்னலில் மலை கூடவே வரும். அதன் அடிவாரத்தில் இறங்கி நடந்தது ஒரு தடவைகூட இல்லை. இதில் வெட்கப்பட எனக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. அந்த மலையைப் பற்றிய ஒரு காகிதம் 1988-க்குப் பிறகு என் கையால் தட்டச்சாகிப் போனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பிறந்தது 1949-இல், காரைக்காலில். விருதுநகர் வியாபாரிகள் எங்கெங்கோ போய்க் கடை போட்டார்கள். என் அப்பா காரைக்காலில் பலசரக்குக் கடை போட்டார். பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும், பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் அப்படியேதான் நடந்தது. கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாம் பிரெஞ்சில். தமிழ் வீட்டில் பேசவும் கடையில் கடன் எழுதவும் மட்டும். பதினேழு வயதில் அம்மாவின் ஊரான சாத்தூருக்கு வந்தபோது எனக்கு இங்கிலீஷும் அரைகுறை, அரசாங்கத் தமிழும் அரைகுறை. இரண்டையும் கற்றுத்தான் குமாஸ்தா ஆனேன்.

காரைக்காலில் மலை கிடையாது. கடலும் வயலும் ஆற்று வாய்க்காலும்தான். அதனால் சாத்தூர் வந்த புதிதில், வெறும் மணலாகக் கிடந்த வைப்பாற்றைக் காட்டி, "இது மலையிலேருந்து வருது" என்று மாமா சொன்னபோது சிரித்தேன். தண்ணீரே இல்லாத ஆறு எங்கிருந்து வந்தால் என்ன!

வண்டி கிளம்பியது. இந்தத் தடத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இலேயே ரயில் வந்துவிட்டது. விருதுப்பட்டி என்ற சிற்றூர் பருத்தி, வத்தல், பருப்பு என்று பெரிய சந்தையானதற்கு அந்த ஸ்டேஷன் ஒரு முக்கியக் காரணம். 1923-இல் ஊர் தன் பெயரையே விருதுநகர் என்று மாற்றிக்கொண்டது. அதே 1923-இல்தான், கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழில் தொடங்கினார்கள். அப்போது சிவகாசிக்கு ரயில் இல்லை. பக்கத்து ஸ்டேஷன் என்றால் சாத்தூரோ விருதுநகரோதான். 1927-இல் தென்னிந்திய ரயில்வே விருதுநகரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டது. தென்காசிக்கு மேற்கே செங்கோட்டை, புனலூர், கொல்லம் பாதை 1904 முதலே இருந்தது. அதுவரை மதுரைக்காரர் கொல்லம் போக வேண்டுமென்றால் திருநெல்வேலியைச் சுற்ற வேண்டும். இந்தப் புதுப் பாதை மலையை ஒட்டியே போய்ச் சுற்றைக் குறைத்துவிட்டது.

திருத்தங்கல் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ஷெட்டுகள், நடுவே வேப்பமரங்கள். "ஏன் தாத்தா இவ்வளவு இடைவெளி விட்டுக் கட்டியிருக்காங்க?" என்றாள் பேத்தி. ஒன்று வெடித்தால் மற்றது தப்ப வேண்டும் என்றேன். ஒரு மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. அதற்கப்புறம் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சிவகாசி தாண்டினால் மலை நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். முதலில் நீலக் கோடு, பிறகு மடிப்புகள், பிறகு பச்சை. இந்த ஊர்களின் சரித்திரத்தில் பாதி அந்த மலையில் இருக்கிறது என்பது எனக்கு மிகப் பிந்தித்தான் புரிந்தது. தென்மேற்குப் பருவமழையை மலை தன் மேற்கு முகத்தில், கேரளத்துப் பக்கமே, வாங்கிக்கொள்கிறது. கிழக்கே நமக்கு வருவது காற்று மட்டும். அதனால்தான் கரிசலில் வானம் பார்த்த விவசாயம். அதனால்தான் தீக்குச்சி முனை மருந்தும் வெடிச்சரமும் வருஷத்தில் பெரும்பகுதி வெயிலில் காய்கிறது. அந்தக் காய்ச்சலை நம்பித்தான் தொழில். குச்சிக்கு வேண்டிய மென்மரமோ அந்த மழை பெய்கிற கேரளத்துப் பக்கத்திலிருந்து வந்தது. மழையை மறித்த மலைக்கு அந்தப் பக்கம் மரம், இந்தப் பக்கம் வெயில். இரண்டும் சேர்ந்தால் ஒரு தீப்பெட்டி. என் மனைவி சிறுமியாக இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து அடிப்பெட்டி ஒட்டியவள். இதை அவளிடம் சொன்னால், "எங்களுக்கு மழை வந்தா அன்னிக்குக் கூலி கெட்டது, அவ்வளவுதான் தெரியும்" என்பாள்.

இங்கே என் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் முசே (வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பூகோளப் பாடத்தில் பிரான்சின் வனத்துறையின் பெயரை எழுதிப் போட்டார்: 'ஓ எ ஃபொரே'. தண்ணீரும் காடும் என்று அர்த்தம். பதினான்காம் லூயி மன்னரின் மந்திரி கொல்பேர் 1669-இல் கொண்டுவந்த சட்டத்துக்கும் அந்தப் பெயர்தான். தண்ணீரும் காடும் எப்படி ஒரே இலாகா ஆகும் என்று ஒரு பையன் கேட்டான். காரைக்கால் பையனுக்கு அந்தச் சந்தேகம் நியாயம்தான். எங்களுக்குத் தண்ணீர் காவிரியிலிருந்து வந்தது, காடு படத்தில் இருந்தது. முசே என்ன பதில் சொன்னார் என்று ஞாபகமில்லை. ஆனால் அந்தப் பெயர் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். பாரிசுக்குத் தெற்கே ஃபோந்தேன்புளோ என்ற காடு. 1849-இல் அங்கே ரயில் போனது. நெப்போலியனிடம் சிப்பாயாக இருந்த தெனெக்கூர் என்பவர் அதற்கு முன்பே காட்டுக்குள் நடைபாதைகள் போட்டு, வழி தவறாமல் இருக்க நீல அடையாளம் வைத்திருந்தார். ரயில் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்து ஜனம் அங்கே குவிந்தது. அந்தக் காட்டை வரைந்துகொண்டிருந்த ஓவியர்கள், மரங்களை வெட்டாதீர்கள் என்று மனுப் போட்டார்கள். 1861-இல் ஒரு பகுதி வெட்டக் கூடாத இடமாக அரசாணையால் ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வந்ததே 1872-இல்தான். ஃபோந்தேன்புளோ அதற்குப் பதினொரு வருஷம் மூத்தது. ரயிலில் போய்ப் பார்க்க முடிந்ததால் ஒரு காடு தப்பியது என்று முசே பெருமையாகச் சொல்வார்.

பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கதைக்கு நம் ஊர்ப் பக்கம் ஒரு வால் இருப்பது தெரிந்தது. இந்திய வனத்துறைக்குத் தேர்வான இங்கிலீஷ்காரர்கள் பலர், 1860-களின் பிற்பகுதியிலிருந்து 1880-களின் நடுப்பகுதி வரை, பிரான்சில் நான்சி நகரத்து வனப் பள்ளியில் படித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். அந்தக் காலத்தில்தான் 1882-இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காட்டுக்கு எல்லை போட்டு, உள்ளே யாருக்கு என்ன உரிமை என்று விசாரித்து, மிச்சத்தைக் காப்புக்காடு என்று சர்க்கார் எடுத்துக்கொள்ளும் முறை அப்போது வந்தது. நம் மலையில் எல்லாம் சர்க்காரிடம் இல்லை; சேத்தூர், சாப்டூர் மாதிரி ஜமீன்களின் காடும் இருந்தது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து அந்தக் கணக்கும் மாறியது.

அடுத்த காகிதம் என் காலத்தில். 1988 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி, ஏறக்குறைய 485 சதுர கிலோமீட்டர், சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேற்கே கேரளத்தின் பெரியார் காட்டை ஒட்டிய இடம். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். யானை இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, அணிலுக்கா சரணாலயம் என்று. நானும்தான் சிரித்தேன். அப்போது நான் ஒரு அலுவலகத்தில் சீட்டு குமாஸ்தா. அதன் பெயர் வேண்டாம்.

1972-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி சரணாலயம் அறிவித்தால், அந்த நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்று கலெக்டர் விசாரிக்க வேண்டும். 21-ஆம் பிரிவின் கீழ், சுற்றியுள்ள ஊர்களில் உள்ளூர் மொழியில் பிரகடனம் வெளியிட வேண்டும். உரிமை கோருகிறவர் இரண்டு மாதத்துக்குள், குறித்த படிவத்தில், எழுத்து மூலம் கோர வேண்டும். அந்த வாசகத்தின் ஒரு வரைவு என் மேஜைக்கு வந்தது. நான் தமிழ் டைப்ரைட்டரில் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் ஓட்டி, நகல்களை அடுக்கித் தபால் பிரிவுக்குக் கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான். பிழை இல்லாமல் அடித்தேன் என்று மேலதிகாரி பாராட்டினார்.

அந்தத் தமிழ் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். 'மேற்படி எல்லைகளுக்குட்பட்ட நிலத்தின் மீதோ அதனைப் பொறுத்தோ உரிமை எதனையும் கோருகின்ற நபர் எவரும்' என்கிற மாதிரி போகும். பிரெஞ்சில் படித்து வந்து அரசாங்கத் தமிழை ஒரு அந்நிய மொழி போலக் கற்ற எனக்கே அதைப் படிக்க மூச்சு வாங்கும். மலையில் தேனெடுத்துக் கிழங்கு தோண்டிப் பிழைக்கிற பளியர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. அங்கே பளியர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்று தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. கோபுரத்தைப் பேத்திக்குக் காட்டினேன். பதினொரு நிலை, தமிழக அரசு முத்திரையில் இருப்பது இதுதான் என்றேன். மதுரைக் கோபுரம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு, ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு அதைச் சொல்லக் கூடாது. நான் சர்வீசில் தொட்ட தாள்களில் பாதியின் தலையில் அந்தக் கோபுரம் இருந்தது.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து செண்பகத்தோப்புக்குப் போனோம். ஊருக்கு மேற்கே சுமார் எட்டு கிலோமீட்டர். வழியெல்லாம் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பிளாஸ்டிக் கூடாது, சரி. "தீப்பெட்டி வச்சிருக்கீங்களாய்யா?" என்று கேட்டார் காவலர். காட்டழகருக்குக் கற்பூரம் ஏற்றலாம் என்று என் சட்டைப் பையில் ஒரு சிவகாசித் தீப்பெட்டி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். "திரும்பும்போது வாங்கிக்கோங்க" என்று மேஜை மேல் வைத்தார். ஏற்கெனவே அங்கே ஐந்தாறு தீப்பெட்டி இருந்தது. எல்லாம் நம் ஊர் லேபிள்தான். பேத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இது நேஷனல் பார்க்தானே தாத்தா?" என்று கேட்டாள். இல்லை. சட்டத்தில் தேசியப் பூங்கா வேறு, சரணாலயம் வேறு, புலிகள் காப்பகம் வேறு. 2021-இல் இந்தச் சரணாலயத்தையும் தேனி மாவட்டத்து மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். நாட்டில் 51-ஆவது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். வைகை அந்த மலைகளில்தான் உற்பத்தியாகிறது. மாமா சொன்ன வைப்பாறும் வருஷநாட்டு மலையிலிருந்துதான் வருகிறது. புலி இருந்தால் காடு இருக்கும், காடு இருந்தால் ஆறு இருக்கும் என்பதுதான் கணக்கு. காரைக்கால் பையனின் சந்தேகத்துக்கு அறுபது வருஷம் கழித்து எனக்குப் பதில் கிடைத்தது.

அணிலைப் பார்த்த கதை சீக்கிரம் முடிந்துவிடும், ஏனென்றால் பார்த்தது ஒரு நிமிஷம். ஒரு புளியமரத்தின் உச்சிக் கிளையில் படுத்திருந்தது. வீட்டு அணில் மாதிரி நினைக்காதீர்கள். கிட்டத்தட்ட பூனை அளவு, உடம்பைவிட வால் நீளம், முதுகில் நரை விழுந்த மாதிரி சாம்பல். உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இருக்கிற ஜீவன். எழுந்தது, பக்கத்து மாமரத்துக்குத் தாவியது, மறைந்தது. பிரெஞ்சில் அணிலுக்கு 'எக்குரேய்' என்று பெயர். இங்கிலீஷ்காரர் நாக்கில் வராத சொல் என்று முசே கேலி செய்வார். அதைப் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தேன், அவளுக்கும் வரவில்லை.

நாங்கள் அண்ணாந்து நின்றதைப் பார்த்து ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். பளியர். அங்கேயே குடியிருப்பு. எழுபது வயது இருக்கலாம், என் ஜோடி.

"அது கீழ எறங்காது சாமி" என்றார். "மரத்துக்கு மரம் கை கோத்து நிக்கணும். நடுவுல ஒரு மரத்த வெட்டுனா அதுக்கு ரோடு போச்சு."

அந்தப் புளியமரம் காட்டு மரமா என்று கேட்டேன். இல்லை, பட்டா தோப்பு என்றார். அணிலுக்கு நம் எல்லைக்கல் தெரியாது. காடும் தோப்பும் அதற்கு ஒரே கூரை. 485 சதுர கிலோமீட்டர் என்று நாம் எழுதி வைத்திருந்தாலும், எழுதாத தோப்பை நம்பியும் அது வாழ்கிறது. அலுவலகத்தில் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பெரியவரோடு பாறையில் உட்கார்ந்தேன். தேன், கல்பாசி, நன்னாரி, கடுக்காய் என்று எந்த மாசம் எது என்று வரிசையாகச் சொன்னார். இனியும் மறைக்க முடியாமல், சரணாலயம் வந்த காலத்து நோட்டீசை அடித்தவன் நான்தான் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"எங்க ஒட்டுனீக?"

எனக்குத் தெரியவில்லை. சுற்றியுள்ள ஊர்களில் என்று சட்டம் சொல்கிறது. எந்தச் சுவர், எந்தச் சாவடி? நான் தபால் பிரிவோடு நிறுத்திக்கொண்டவன்.

"எங்க ஆளுகள்ல அன்னிக்கு எழுத்து தெரிஞ்சவுக இல்ல சாமி. ஒட்டியிருந்தாலும் வெறும் தாளுதான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

வீட்டுக்கு வந்து பழைய சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 21-ஆம் பிரிவுக்கு அடுத்து 22-ஆம் பிரிவு. யாரும் கோராத உரிமையைக்கூட, அரசுப் பதிவேடுகளையும் விவரம் தெரிந்தவர்களின் சாட்சியத்தையும் வைத்துத் தெரிந்துகொள்ள முடிகிற அளவுக்கு விசாரிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நான் 21-ஐ அடித்தவன். பக்கத்தைத் திருப்பி 22-ஐப் படிக்காதவன். அடிக்கச் சொன்னதை அடித்தேன் என்று சொல்லலாம். படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அதற்குப் பிறகு சட்டம் நகர்ந்திருக்கிறது. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2008-இல் வந்த அதன் விதிகளில், உரிமைக்கு ஆதாரமாகக் காகிதம் மட்டுமல்ல, ஊர்ப் பெரியவர்கள் வாயால் சொல்வதை எழுதிக்கொண்டால் அதுவும் ஆதாரம் என்று இருக்கிறது. கோரிக்கையும் கிராம சபையில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கினால் 2008-இலிருந்து பட்டா கொடுப்பது நின்று கிடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. அந்தப் பெரியவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். மனுக் கொடுத்திருப்பதாகவும், பேரன் எழுதியதாகவும் சொன்னார். பேரன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவனாம். "அவன் எழுதுனத எனக்கு வாசிச்சுக் காட்டுனான், புரிஞ்சுச்சு" என்றார்.

சாயங்கால வண்டிக்கு நேரமாகிவிட்டது. சாவடியில் என் தீப்பெட்டியைக் கேட்டேன். காவலர் மேஜையைப் பார்த்து, "எதுய்யா ஒங்களது?" என்றார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பேத்தி இடது ஜன்னலில் உட்கார்ந்தாள், நான் சொல்லாமலே. சிவகாசி வரும்வரை மலை இருட்டிக்கொண்டே வந்தது. அந்தப் பேரன் எழுதிய மனுவின் நகல் இருந்தால் அடுத்த முறை காட்டச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஐப்பசிக்கு முன்னால் ஒரு நாள் போக வேண்டும்; அப்புறம் மழை.